பெயர் வைக்கத் தெரியாத பிள்ளை

மார்கழியில் கீழ்பென்னாத்தூரில் யாருக்கும் அலாரம் தேவைப்படாது. விடிகாலை நாலரைக்கே கோயில் குழாய் ரேடியோ கரகரக்கும், இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொள்ளும், பிறகு 'கிருஷ்ண கானம்' தொடங்கிவிடும். கண்ணதாசன் எழுதி எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த அந்தத் தொகுப்பை நாங்கள் ஒருநாளும் காசு கொடுத்து வாங்கியதில்லை. ஆனாலும் வரிசை மனப்பாடம். ஒரு பாட்டு அடங்கி அடுத்தது எழும்புவதற்கு நடுவில் இரண்டு மூன்று விநாடி மௌனம் வருமே, அந்த மௌனத்திலேயே அடுத்த பாட்டின் முதல் சுரம் எனக்குள் கேட்டுவிடும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவும் அதைத்தான் முனகிக்கொண்டிருப்பார்.

பிற்பாடு ஒரு கல்யாண மண்டபத்தில் அதிலிருந்து ஒரே ஒரு பாட்டைப் போட்டார்கள். முடிந்ததும் ஏதோ குத்துப்பாட்டு வந்தது. பந்தியில் சாம்பாருக்கு அப்புறம் ரசம் வராமல் நேரே பாயசம் வந்த மாதிரி இருந்தது எனக்கு.

தலையிலிருந்து கால்வரை ஒரே மூச்சில் கேட்க வேண்டிய இசைத்தொகுப்பு என்று ஒன்று உண்டு. மேலைநாட்டில் ராக் ரசிகர்கள் அதைப் பற்றி ஓயாமல் சண்டை போடுவார்கள். எந்த ஆல்பத்தை ஒரு பாட்டுகூடத் தாண்டாமல் கேட்கலாம் என்று பட்டியல் போடுவார்கள். தமிழில் அப்படி ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் பாட்டே இல்லாத ஒரு கேசட்டைத்தான் எடுத்து வைப்பேன். அது பிறந்த கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

எண்பதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் ஒரு ரெக்கார்டிங் சென்டர். தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். கம்பெனி கேசட்டும் விற்பார்கள்.

"ராஜா சார் கேசட்டு புதுசா எதுனா வந்துச்சாண்ணே?"

"ஒண்ணு கெடக்குதுப்பா. ஆனா அதுல பாட்டே கெடையாது. ரெண்டு பக்கமும் வெறும் பிடிலு. பேரும் இங்கிலீசு. எடுத்துட்டுப் போன ரெண்டு பேரும் திருப்பிக் குடுத்துட்டாங்க. வேணும்னா கொறைச்சுக் குடுத்துட்டுப் போ."

கொறைச்சுக் கொடுத்து வாங்கிவந்தேன். வீட்டில் திண்ணை முழுக்க விதைக்கான மல்லாட்டை, வேர்க்கடலைதான். அப்பா, அம்மா, பெரியம்மா, நான், நாலு பேரும் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தோம். விதைக்கு உடைக்கும்போது பருப்பின் மேல்தோல் கிழியக் கூடாது. அதனால் கையை எடுக்க முடியாது. டேப்ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"இன்னா கேசட்டு?" என்றார் அப்பா.

"ஹவ் டு நேம் இட். இதுக்கு எப்படிப் பேர் வெக்கிறதுன்னு அர்த்தம்."

"பேர் வெக்கவே தெரியாதவங்க எதுக்கு வுடறாங்க?"

ஆனாலும் யாரும் எழுந்து நிறுத்தவில்லை. ஓட்டிவிடவும் இல்லை. கையெல்லாம் மல்லாட்டை மண். ஏ சைடு முடிந்து பட்டன் 'டக்' என்று எகிறியபோது பெரியம்மாதான், "திருப்பிப் போடு, நல்லாத்தான் கீது" என்றார். ஒரு தொகுப்பை முழுசாகக் கேட்க என்ன வேண்டும் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகத்துக்கு வரும். கைக்கு ஓயாத வேலை இருக்க வேண்டும், காது மட்டும் சும்மா இருக்க வேண்டும்.

'ஆல்பம்' என்ற பெயரே இரவல்தான். அந்தக் காலத்து இசைத்தட்டு அரக்கில் செய்தது. பாண்டவர்களைக் கொளுத்துவதற்கு மாளிகை கட்டினார்களே, அதே அரக்கு. மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் சின்னப் பூச்சியின் பிசின் அது. உலகத்துக்கே அதை அனுப்பிக்கொண்டிருந்தது பெரும்பாலும் நம் நாடுதான். அதில் கல்தூள் கலந்து அழுத்தினால் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும். கச்சேரியில் முக்கால் மணி நேரம் ராகம் ஆலாபனை செய்கிற வித்வானும் ஒலிப்பதிவுக் குழல் முன்னால் மூன்று நிமிடத்தில் கதையை முடித்தாக வேண்டும். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிந்த காலத்திலிருந்து அதுதான் சட்டம். அவர் பாட்டின் கடைசியில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பார். பெயர் சொல்லாவிட்டால் யார் பாடியது என்று எப்படித் தெரியும்?

நீளமான சங்கீதம் வேண்டுமென்றால் நாலைந்து தட்டுகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் ஒரு காகித உறையில் போட்டு, போட்டோ ஒட்டும் புத்தகம் மாதிரி தைத்து விற்றார்கள். அதனால் அதை ஆல்பம் என்றார்கள். 1948 ஜூனில் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்று எல்.பி.யை அறிமுகப்படுத்தியது. பழைய தட்டுகளை எட்டடி உயரத்துக்கு ஒரு பக்கம் அடுக்கி, அதே அளவு சங்கீதம் அடங்கிய எல்.பி.க்களைப் பதினைந்து அங்குலத்துக்கு இன்னொரு பக்கம் அடுக்கிப் பத்திரிகைக்காரர்களிடம் காட்டினார்கள். அரக்கு போய் வினைல் வந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. புத்தகம் போய்விட்டது, ஒற்றைத் தட்டுதான் மிச்சம். ஆனால் ஆல்பம் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கிடைத்த இருபது நிமிடத்தில் என்ன செய்வது என்பது பல வருஷம் பலருக்கும் பிடிபடவில்லை. இரண்டு ஹிட் பாட்டோடு எட்டு நிரப்புப் பாட்டைச் சேர்த்து விற்றார்கள். அதை மாற்றியவர்களில் பீட்டில்ஸ் முக்கியமானவர்கள். 1967-இல் வந்த 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வழக்கமாகத் தெரியும் வெற்றுக் கோட்டைக்கூட எடுத்துவிட்டார்கள். முள்ளைத் தூக்கி நடுவில் வைக்க இடம் தேட முடியாது, முதலிலிருந்தே கேட்டாக வேண்டும். அந்த அட்டைப்படக் கூட்டத்தில் முதலில் காந்தியும் இருந்தார். அவரை வைத்தால் இந்தியாவில் வம்பு வரும் என்று பயந்து இ.எம்.ஐ. தலைவர் எடுக்கச் சொல்லிவிட்டார். யோகானந்தர் உள்பட நாலு இந்திய யோகிகள் மட்டும் தப்பித்து அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள்.

பெயர் விஷயத்தில் ராக்காரர்களுக்கும் எங்கள் கேசட்டின் தடுமாற்றம்தான். 1968-இல் பீட்டில்ஸ் ஒரு வெறும் வெள்ளை அட்டையில் குழுவின் பெயரை மட்டும் புடைப்பாக அழுத்தி விட்டார்கள். ஜனங்களாகவே அதற்கு 'வெள்ளை ஆல்பம்' என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆல்பம் என்ற லத்தீன் சொல்லுக்கே வெள்ளை என்றுதான் மூலப்பொருள். 1971-இல் லெட் ஜெப்லின் இன்னும் ஒரு படி போய், நாலாவது ஆல்பத்தின் அட்டையில் ஆல்பத்தின் பெயரும் இல்லாமல் குழுவின் பெயரும் இல்லாமல் வெளியிட்டது. ஒரு முதிய விறகுச்சுமைக்காரரின் படம் மட்டும். கம்பெனி தலையில் கை வைத்துக்கொண்டது. சனங்கள் கவலைப்படவில்லை, 'நாலாம் ஆல்பம்' என்று சொல்லிக் கேட்டு வாங்கிப் போனார்கள். மறு வருஷம் அந்தக் குழுவின் பேஜும் பிளாண்டும் பம்பாய்க்கு வந்து, அதே ஆல்பத்தில் இருந்த ஒரு பாட்டை நம்மூர் வாத்தியக்காரர்களோடு மறுபடி வாசித்துப் பதிந்தார்கள். 1973-இல் வந்த பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைடு ஆஃப் தி மூன்' இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பிலேயே முடிகிறது. நடுவிலிருந்து கேட்டால் பாதி உயிர்தான் கிடைக்கும்.

இது எதுவும் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கக் காசு ஏது? நம் பக்கத்தில் எல்.பி. என்றால் பெரும்பாலும் சினிமாப் பாட்டு. சினிமா இசைத்தட்டில் ஐந்து பாட்டும் ஐந்து சூழ்நிலைக்கு எழுதியது. தாலாட்டுக்குப் பக்கத்திலேயே கிளப் டான்ஸ் இருக்கும். அவற்றுக்குள் வரிசை தேடுவது வீண். முழுசாகக் கேட்ட தட்டுகள் வேறு இரண்டு ரகம். ஒன்று பக்தி: எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வந்தது. டீக்கடைக்காரர் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. இன்னொன்று கதை வசனம். திருவிளையாடல் ஒலிச்சித்திரத்தை சவுண்ட் சர்வீஸ்காரர் காது குத்து வீட்டில் போட்டால், தருமி புலம்பி முடிக்கும்வரை பந்தல் கலையாது. அந்தத் தட்டையும் நான் ஆல்பம் என்றே சொல்வேன். எந்த ராக் ரசிகர் வேண்டுமானாலும் வந்து வழக்காடட்டும்.

கேசட்டுக்கு வருகிறேன். பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பாட்டன் பூட்டனிடமிருந்து தொடங்க வேண்டும்.

பிடில் நம் வாத்தியமல்ல. முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் ஆதரவு பெற்று இருந்தபோது, செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசிப்பதை அண்ணன் தம்பிகள் கேட்டார்கள். தம்பி பாலுசுவாமி (1786–1859) பிடிலைக் கற்றுக்கொண்டு கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். அண்ணன் அந்த பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார், நோட்டுஸ்வரம் என்கிறோம். அதே அண்ணன்தான் பஞ்சபூதத் தலங்களைப் பாடியபோது அக்னிக்கு எங்கள் அண்ணாமலையைப் பாடினார். சாரங்கா ராகத்தில் 'அருணாசலநாதம்'. ஆக, வெள்ளைக்காரன் மெட்டைக் காதில் வாங்கிய மனுஷரும் எங்கள் மலையைப் பாடிய மனுஷரும் ஒருவரேதான். எங்கள் ஊர் வயற்காட்டில் நின்று அந்த மலையைப் பார்க்கும்போது இது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

பிடிலைப் பிடிக்கிற விதத்திலேயே இரண்டு உலகம் இருக்கிறது. அவர்கள் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்து வாசிப்பார்கள். நம்மவர் தரையில் உட்கார்ந்து, வலது காலை நீட்டி, பிடிலின் தலையைக் கணுக்கால் பக்கம் ஊன்றிக்கொள்வார். ஊன்றினால்தான் இடது கை பிடியிலிருந்து விடுபட்டு, தந்தி மேல் வழுக்கி கமகம் போட முடியும். இருபது பிடில் சேர்ந்து ஆளுக்கு ஒரு விதமாகக் கமகம் போட்டால் குழம்பிவிடும். எல்லாரும் ஒன்றாக வாசிக்க வேண்டுமென்றால் தாளில் எழுதியாக வேண்டும். இந்த இரண்டும் ஒரே தட்டில் சேர, எழுதவும் தெரிந்த, கமகமும் தெரிந்த ஒருவர் வர வேண்டியிருந்தது.

அந்த ஒருவருக்கே நாலு பெயர். 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்தபோது ஞானதேசிகன். பள்ளிக்கூடத்திலும் ஊரிலும் ராசையா. அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சி மேடைகளில் பாடித் திரிந்துவிட்டுச் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். மாஸ்டர் அவரை ராஜா ஆக்கினார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது பஞ்சு அருணாசலம் முன்னால் 'இளைய' சேர்த்தார். தன்ராஜ் மாஸ்டரிடம்தான் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் இசையை எழுத்தாகப் படித்தார், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். கர்நாடக சங்கீதத்துக்கு டி.வி.கோபாலகிருஷ்ணன். இத்தனை பெயர் மாறிய மனுஷர் தன் பிள்ளைக்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை என்று சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை.

1986. 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' எல்லாம் அந்த வருஷம்தான். படத்துக்குப் படம் ஓடிக்கொண்டிருந்தவர் நடுவில் நின்று, கதாநாயகனும் சூழ்நிலையும் பாடலாசிரியரும் இல்லாத ஒன்றை எழுதினார். தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தார். பாக் 1750-இல் இறந்தார், அதற்குப் பதினேழு வருஷம் கழித்துத்தான் தியாகராஜர் பிறந்தார். பூமியில் சந்தித்திருக்கவே முடியாத இருவரைச் சந்திக்க வைப்பதுதான் அந்தத் தொகுப்பின் வேலை. நடுநாயகமாக வி.எஸ்.நரசிம்மனின் வயலின். இரண்டு பாணியும் கை வந்தவர். பிற்பாடு மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட் என்ற குழுவைக் கட்டி கீர்த்தனைகளை நாலு வாத்தியத்துக்கு எழுதி வாசித்தவர்.

உள்ளே போனால் 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்று ஒன்று. ஃபியூக் என்றால் என்ன என்பதை நடவு வயலை வைத்துச் சொல்லலாம். நடவுப் பாட்டில் ஒருத்தி ஒரு அடி பாடி முடிப்பாள், அப்புறம் மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஃபியூகில் அந்தக் காத்திருப்பு கிடையாது. முதலாமவள் ஒரு மெட்டைப் பாடி மேலே நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாமவள் அதே மெட்டை வேறு சுரத்திலிருந்து தொடங்குவாள். முதலாமவள் நிறுத்த மாட்டாள், வேறு ஒன்றைப் பின்னிக்கொண்டே போவாள். பிறகு மூன்றாமவள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியும் சண்டை வராது. முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒரே இரைச்சலாக இருந்தது. பத்தாவது தடவை கீழே ஓடும் கனமான குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன், அப்போதுதான் வயல் முழுக்கத் தெரிந்தது.

பி சைடில் தலைப்புகளே கதை சொல்லும். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', பாக்கை என் வீட்டில் சந்தித்தேன். தனி வயலினுக்கு பாக் எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் தொடக்கப் பகுதி மேலே ஓட, அதைச் சுற்றி ராஜா தன் தந்திகளைக் கட்டுகிறார். விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்காரர் உள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து வைப்பது மாதிரி. அடுத்ததன் தலைப்பு, '...அண்ட் வீ ஹேட் எ டாக்'. மூன்று புள்ளி வைத்துத் தொடங்குகிறது, அதாவது முந்தைய வாக்கியம் முடியவில்லை. பேசிக்கொண்டிருந்தோம் என்கிறார். தனித்தனியாகக் கேட்டால் பாதி வாக்கியம்தான் காதில் விழும்.

குறை இல்லாமல் இல்லை. 'ஸ்டடி ஃபார் வயலின்' என் காதுக்குக் கொஞ்சம் பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான். தலைப்புகளில் ஒன்றிரண்டாவது தமிழில் இருந்திருக்கலாம் என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு. ரெக்கார்டிங் சென்டரில் அது தூசி தின்றதற்கு அந்த ஆங்கிலமும் ஒரு காரணம்.

அதற்கு நம்மூரில் ஒரு வீடு கிடைத்தது பாலு மகேந்திராவால். 1988-இல் வந்த அவருடைய 'வீடு' படத்துக்குத் தனியாகப் பின்னணி இசை எழுதவில்லை. இந்தத் தொகுப்பிலிருந்தே எடுத்து வைத்தார். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒரு வீடு கட்டப் படும் பாடு. பாதி எழும்பிய சுவர்களைத் தாத்தா சொக்கலிங்க பாகவதர் ஒற்றையாகப் பார்க்கப் போகும் இடத்தை நினைத்துப் பாருங்கள். படத்துக்காக எழுதாத இசை, செங்கல்லுக்குச் சிமெண்ட் மாதிரிப் பிடித்துக்கொள்கிறது. கேசட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களில் யாராவது அந்தப் படத்தைப் பார்த்து, இது எங்கேயோ கேட்டதாயிற்றே என்று விழித்திருப்பார்கள்.

அதே 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. எனக்கு அதைவிட மூத்த பிள்ளைதான் பிரியம். 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனி குழுவோடு திருவாசகம். மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது எங்கள் திருவண்ணாமலையில் என்று மரபு சொல்கிறது. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலே இருக்கிறது. ரமணருக்கு அடியவரான ராஜா 'ரமண மாலை' தந்ததும் இந்த மலைக்காகத்தான். 2025 மார்ச் 8-இல் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. இந்தத் தடவை பெயர் வைப்பதில் தடுமாற்றம் இல்லை, 'வேலியண்ட்'. அதுவும் ஆங்கிலம்தான், போகட்டும்.

இப்போது எல்லாம் போனில் கிடைக்கிறது. ஒரு வேண்டுகோள்: கேட்பதற்கு முன்னால் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். அந்தப் பொத்தான் பாக்கை வரவேற்கும் முன்பே பேச்சை முடித்து அனுப்பிவிடும். கூடவே கைக்கு ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள். மல்லாட்டை கிடைக்காவிட்டால் முருங்கைக்கீரை உருவலாம்.

என் கேசட் இன்னும் இருக்கிறது. பி சைடில் ஒரு இடத்தில் நாடா சிக்கி, பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்ததில் விரல்கடை அளவு நெளிந்துவிட்டது. அந்த இடம் வரும்போது பாக் எங்கள் வீட்டு நிலைப்படியில் ஒரு நொடி தலை இடித்துக்கொள்வார். போனில் இடிக்காமல் உள்ளே வந்துவிடுகிறார். அது எனக்கு இன்னும் பழகவில்லை.